சர்வீஸ் என்கிற குற்றவாளியும் நான்கு கோட்பாடுகளும்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உறையின் மேல் சிறைச்சாலை முத்திரையைப் பார்த்ததும் நீ பிரிக்காமலே குப்பையில் போடுவாய் என்று தெரியும். அதனால் மாமா பெயருக்கு அனுப்புகிறேன். மாமா, தயவுசெய்து இதை அக்காவிடம் கொடுங்கள். திட்டினால் பழியை என் மேல் போட்டுவிடுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

அக்கா, நான் படிக்கிறேன். சிரிக்காதே. இங்கே தபால் வழியில் பட்டப்படிப்பு உண்டு. சமூகவியல் எடுத்திருக்கிறேன். கணக்கியல் எடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வகுப்பு முழுக்க மோசடி கேஸ்காரர்கள். அவர்களோடு நம்மால் போட்டி போட முடியாது.

இந்தப் பருவத்தில் 'பிறழ் நடத்தை' என்று ஒரு பாடம். ஊர் போகிற வழியில் போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பதைப் பற்றியது. பேர்போன குற்றவாளி ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, நான்கு கோட்பாடுகளைப் பொருத்திப் பார்த்துக் கட்டுரை எழுத வேண்டும். மற்றவர்கள் பெரிய பெரிய கொள்ளைக்காரர்களாகப் பார்த்து எடுத்தார்கள். நான் 'சர்வீஸ்' என்பவரை எடுத்தேன். பத்திரிகைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர், மறந்திருக்க மாட்டாய். தெரிந்த ஆள், தகவலுக்கு அலைய வேண்டாம் என்று நினைத்தேன்.

என்னைப் பற்றி நானே எழுதுவது போல் தெரியக்கூடாது என்பதால் மரியாதையாகவே எழுதினேன். 'சர்வீஸ் அவர்கள் பட்டப்பகலில், கம்பெனிச் சட்டையோடும் டூல் பெட்டியோடும் வீடுகளுக்குச் செல்வார். முதலில் பிரிட்ஜை உண்மையாகவே பழுது பார்ப்பார். அதன்பின் டிவியைத் தட்டிப் பார்த்து, இதை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும் என்பார். வீட்டுக்காரரே ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவார்.' இப்படி.

திருத்துகிற பேராசிரியருக்கு என் பெயர் தெரியாது, பதிவு எண் மட்டும்தான். அவர் சிவப்பு மையில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? 'மாணவர் குற்றவாளியின் மனநிலையைக் கொஞ்சமும் புரிந்துகொள்ளவில்லை. குற்றவாளி பிடிபட்ட விதம் நம்பும்படி இல்லை.'

நம்பும்படி இல்லையாம்! நான் பழுது பார்த்த பிரிட்ஜுக்கு ஆறு மாத கேரண்டி கொடுத்திருந்தேன். மறுபடி சத்தம் வருகிறது என்று அந்த அம்மா போன் செய்தார்கள். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே, போனேன். பிரிட்ஜுக்குப் பின்னால் போலீஸ் நின்றது. இதில் நம்ப என்ன கஷ்டம்?

'குற்றவாளியை நெருக்கமாக அறிந்த ஒருவரைப் பேட்டி கண்டு, கட்டுரையைத் திருத்தி அனுப்புக' என்று முடித்திருக்கிறார். இதில் பாஸானால் தண்டனையில் மூன்று மாதம் குறையும். செப்டம்பருக்குப் பதில் ஜூனில் வெளியே வந்துவிடலாம்.

அதனால் உன்னிடம் இரண்டு கேள்விகள். முதலாவது, அழுத்தக் கோட்பாடு. எல்லாருக்கும் ஆசை ஒன்றுதான், ஆனால் அதை அடைய நேர்வழி எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவன் குறுக்குவழி கண்டுபிடிக்கிறான். ஆகவே, சர்வீஸின் குடும்பம் எவ்வளவு ஏழ்மையானது? இரண்டாவது, சகவாசக் கோட்பாடு. குற்றத்தையும் மற்றவர்களிடம் பழகித்தான் கற்றுக்கொள்கிறார்கள். சர்வீஸைக் கெடுத்தவர்கள் யார்?

உடனே பதில் போடவும்.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 17

டேய்,

நாலு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இனிமேலும் எழுதுவதாக இல்லை. இந்தக் கடிதம் நம் அப்பாவுக்காக. செத்துப்போன மனுஷனை ஏழையாக்கி, அதைப் படித்து ஒரு பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நாம் என்னடா ஏழை? அப்பா பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். மாதம் பிறந்தால் சம்பளம். தெருவிலேயே முதல் பிரிட்ஜ் நம் வீட்டில்தான் வந்தது. வந்த வாரமே நீ அதைப் பிரித்துப் போட்டாய், அப்பா அடிக்கக்கூட இல்லை, 'பையனுக்கு மூளை இருக்கு'ன்னு பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார். நேர்வழி இல்லையாம். டிப்போவில் உனக்கு மெக்கானிக் வேலை சொல்லி வைத்து, அவர் மூன்று பேர் காலைப் பிடித்தார். நீ போனாயா? 'காலையில ஏழு மணிக்கெல்லாம் என்னால எழுந்திருக்க முடியாதுப்பா'ன்னு சொன்னாய். உன் கோட்பாட்டில் தூக்கத்துக்கு இடம் இருந்தால் போட்டுக்கொள்.

அடுத்து சகவாசம். உன்னை யார் கெடுத்தார்கள் என்று எவ்வளவு தைரியமாகக் கேட்கிறாய்! தெருவில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளிடம் 'அவன்கூட சேராதே' என்று சொன்னது யாரைப் பற்றி? கெட்ட சகவாசமே நீதானே! மீதி இருந்தது உன் மாமா ஒருத்தர்தான். நீ வாரா வாரம் அவரோடு உட்கார்ந்து சீட்டு ஆடினாய். அந்த மனுஷன் யாருமே இல்லாத ரோட்டில்கூடச் சிவப்பு சிக்னலுக்கு நிற்பவர். பின்னால் இருப்பவன் ஹாரன் அடித்தால் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்பவர். அவரிடம் நீ என்னத்தைக் கற்றுக்கொண்டாய்?

இதையெல்லாம் கேட்கத் தெரிந்த உனக்கு ஒன்றை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. நான் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று. திருடினதற்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், இல்லையா? கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னாயே, அன்றைக்கு நான் என் சலவைக்கடையிலேயே அழுதேன். வாரா வாரம் அந்தச் சட்டையை நானே என் கையால் துவைத்தேன். கடையில் வேலைக்கு ஆள் இருந்தும், உன் சட்டையை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. காலர் நிற்க வேண்டும், கை மடிப்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் என் தம்பியைப் பார்த்து நாலு பேர் மதிப்பார்கள் என்று. மதித்தார்கள்தான். மதித்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். என் இஸ்திரியை நம்பித்தானடா உன்னை வீட்டுக்குள் விட்டார்கள்.

மாமா நலம் விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 28

அன்பு அக்கா,

என்ன கடிதம் அக்கா இது! இரண்டு கோட்பாட்டையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டாய். என் அறையில் இருக்கிற வக்கீலிடம் படித்துக் காட்டினேன். உண்மையான வக்கீல் இல்லை, பன்னிரண்டு வருஷம் வக்கீல் என்று சொல்லிக் கோர்ட்டில் வாதாடியவர், பாதி கேஸில் ஜெயித்தும் இருக்கிறார். 'உங்க அக்கா மாதிரி ஒரு சாட்சி எனக்கு எதிரா வந்திருந்தா நான் அன்னிக்கே தொழிலை விட்டிருப்பேன்' என்றார்.

இஸ்திரி விஷயத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். வெளியே என்றால் வராந்தா. அதற்கு மேல் இங்கே வெளியே கிடையாது.  திரும்பி வந்து மூன்றாவது கோட்பாட்டுக்குப் போகிறேன்.

முத்திரைக் கோட்பாடு. ஒருவனைத் திருடன் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருந்தால், கடைசியில் அவனும் அதை நம்பித் திருடனாகவே ஆகிவிடுகிறான். எனக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆறாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் என்னைத் 'திருட்டு முழி' என்று கூப்பிட்டாரே, நினைவிருக்கிறதா?

நான்காவது, சாக்குக் கோட்பாடு. தப்புச் செய்கிறவனுக்கும் அது தப்பு என்று தெரியும். ஆனால் மனசை ஆற்றிக்கொள்ள ஐந்து சாக்கு கைவசம் வைத்திருப்பான். 'நான் என்ன செய்ய, நிலைமை அப்படி.' 'யாருக்கும் நஷ்டம் இல்லையே.' 'அவங்களுக்கு அது வேணும்தான்.' 'என்னைச் சொல்ல நீ யாரு யோக்கியமா?' 'எல்லாம் என் குடும்பத்துக்காக.' இது சர்வீஸுக்குப் பொருந்தவே இல்லை. நான் எப்போதாவது சாக்குச் சொல்லியிருக்கிறேனா?

இன்னொன்று. இங்கே நலன் அதிகாரி ஒருவர் இருக்கிறார். வெளியே போனால் எங்கே தங்குவாய், முகவரி சொன்னால்தான் விடுவோம் என்றார். உன் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டேன். விசாரிக்க வருவார், நல்ல மனிதர்.

உன் தம்பி

&nbsp;

மார்ச் 9

டேய்,

முகவரியைக் கொடுத்துவிட்டாயா? யார் வீட்டு முகவரியை? நீ இங்கே வரப்போகிறாய் என்று நான் எப்போது சொன்னேன்? மாமா ஏதாவது சொன்னாரா என்று அவரையும் கேட்டுவிட்டேன். 'நான் ஒண்ணும் சொல்லலையே' என்று சொல்லிவிட்டு, உடனே போய் அந்தச் சின்ன அறையில் இருக்கிற பழைய பெட்டிகளை நகர்த்த ஆரம்பித்துவிட்டார். நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

அறிவியல் வாத்தியார் விஷயம். அவருக்குக் கண் சரியில்லை. வகுப்பில் எல்லாரையும் திருட்டு முழி என்றுதான் கூப்பிடுவார், எனக்கும் அதே பெயர்தான். அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் ஒருத்தன் இன்றைக்குப் பல் டாக்டர். ஒருத்தி பள்ளிக்கூடம் நடத்துகிறாள். உன்னைப் பிடித்துக்கொண்டு போன இன்ஸ்பெக்டரும் அதே வகுப்புதான். முத்திரை அவ்வளவு பேர் மேலும் விழுந்தது, உன் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டதா?

முத்திரை என்றால் என்ன என்று நான் சொல்கிறேன், எழுதிக்கொள். உன்னைப் பிடித்த மறுநாள், காலருக்குள் என் கடைக் குறி இருக்கிறது என்று அந்தச் சட்டையோடு போலீஸ் என் கடைக்கு வந்தது. பகல் முழுக்க என்னைக் கவுண்டருக்குப் பின்னால் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். கண்ணாடிக் கதவு, தெரு முழுக்கப் பார்த்தது. அதன்பிறகு துணி போட வந்த ஒரு அம்மா, தன் கோட்டில் எத்தனை பட்டன் இருக்கிறது என்று என் எதிரிலேயே எண்ணிச் சொல்லிவிட்டுப் போனாள். பட்டனைத் திருடுவேனாம் நான். எதிர்க்கடைக்காரர் என் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு, 'சர்வீஸோட அக்கா' என்றுதான் சொல்கிறார். உனக்குப் பெயர் வைத்துப் பத்திரிகையில் போட்டார்கள், நீ கத்தரித்து வைத்துக்கொண்டிருப்பாய். அந்தப் பெயரோடு தினமும் கடையைத் திறந்தது நான். உன் புத்தகத்தில் திருடனின் அக்காவுக்கு ஒரு கோட்பாடு இருக்கிறதா? இருக்காது. அவள் பிறழவில்லையே, அவளைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

இப்போதுதான் ஆட்கள் மறுபடி துணி போட வருகிறார்கள். நீ வந்து அந்தக் கவுண்டர் பக்கம் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா?

சாக்குச் சொன்னதே இல்லை என்கிறாயே, அதைப் படித்துவிட்டு மாமாவே சிரித்தார். காலி ரோட்டிலும் சிக்னலுக்கு நிற்கிற மாமா.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 6

அன்பு அக்கா,

முதலில் நல்ல செய்தி. திருத்திய கட்டுரைக்குப் பேராசிரியர் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'அபாரமான பகுதிகள். குற்றவாளியின் குடும்பத்தின் மேல் விழும் முத்திரையைப் பற்றிய பார்வை இந்த வகுப்பில் நான் படித்த எதிலும் இல்லை.'

இனி மற்ற செய்தி. அதற்குக் கீழே இன்னும் ஒன்று எழுதியிருக்கிறார்: 'ஆனால் இந்தப் பகுதிகள் மாணவர் எழுதியவை அல்ல. மற்ற இடங்களில் இவர் ஒரு வாக்கியத்தை முடிக்கவே திணறுகிறார். இது யாருடைய எழுத்து?'

அக்கா, உன் கடிதங்களிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போட்டேன். கொஞ்சம் என்றால், பெரும்பகுதி. 'டேய்' என்பதை மட்டும் நீக்கிவிட்டேன்.

நான் என்ன செய்வேன், கெடு நெருங்கிவிட்டது, இங்கே விளக்கையும் சீக்கிரம் அணைத்துவிடுகிறார்கள். உன் கடிதம் உன்னிடமிருந்து குறைந்தா போய்விட்டது, யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பேராசிரியருக்கும் இது வேணும்தான், முதலில் நான் சொந்தமாக எழுதியதை நம்பினாரா? புத்தகம் முழுக்க அடுத்தவர் சொன்னதை எடுத்துப் போட்டிருப்பவர்கள் என்னைக் கேள்வி கேட்கிறார்கள். நான் இதைச் செய்ததே சீக்கிரம் வந்து உங்களோடு இருக்கத்தானே?

இப்போது நிலவரம் இதுதான். அது என் அக்காவின் கடிதம் என்று சொல்லிவிட்டேன். நலன் அதிகாரி உன்னைப் பார்க்க வருவார். 'உங்கள் கடிதத்தை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தீர்களா?' என்று கேட்பார். 'கொடுத்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஜூன் உறுதி. இல்லை என்றால் கட்டுரை செல்லாது, செப்டம்பர். ஒரே வார்த்தை அக்கா.

உன் தம்பி

&nbsp;

ஏப்ரல் 11

நிலைமை அப்படி. யாருக்கும் நஷ்டம் இல்லை. அவருக்கு அது வேணும். அவர்கள் மட்டும் யோக்கியமா. எல்லாம் உங்களுக்காக.

ஐந்தும் இருக்கிறது. வரிசைகூட மாறவில்லை. இதுதான் நீ சொந்தமாக எழுதிய பகுதி போலிருக்கிறது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 24

டேய்,

நலன் அதிகாரி நேற்று கடைக்கு வந்தார். கவுண்டர் முன்னால் நின்று, 'அம்மா, உங்க தம்பி விஷயமா' என்று அவர் குரலைத் தாழ்த்தியதும், நான் சத்தமாகவே 'வாங்க சார், என் தம்பி ஜெயில்லதான் இருக்கான்' என்றேன். துணி வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் வருவதற்கு முன்னால் ஒரு வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. 'கொடுத்தேன்' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். துணியை மடிக்கும்போது சொன்னேன், பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சொன்னேன். மாமாவை அதிகாரியாக உட்காரவைத்து ஒத்திகைகூடப் பார்த்தேன். மாமா கேட்டதும் எனக்கு வியர்த்தது, பதில் சொல்வதற்குள் மாமாவுக்கும் வியர்த்துவிட்டது. உன் சாக்கு ஐந்தையும் ஒவ்வொன்றாக எனக்கே சொல்லிப் பார்த்தேன். கடைசி சாக்கு கிட்டத்தட்ட வேலை செய்தது. நீ சீக்கிரம் வர வேண்டும் என்பது எனக்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதற்காகவும் உன் மேல் கோபம்தான்.

அதிகாரி கேட்டார், 'இந்தக் கடிதத்தை எடுத்துக்க அனுமதி கொடுத்தீங்களாம்மா?'

'இல்லை சார். கேட்காம எடுத்துட்டான்.'

அவர் எழுதிக்கொண்டார். நான் விடவில்லை. 'இன்னும் ஒண்ணு எழுதுங்க சார். கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்.'

'அது கேள்வியில இல்லையேம்மா.'

'கேள்வியில இல்லாட்டி என்ன சார், ரெண்டும் உண்மைதானே. ஒண்ணை மட்டும் எழுதினா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்.'

கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினார். பிறகு, 'வெளியே வந்தா உங்க வீட்டுல தங்கறதா முகவரி கொடுத்திருக்கார், உங்களுக்குச் சம்மதமா?' என்றார்.

'அதையும் அவன் இன்னும் கேட்கலை சார்' என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா

&nbsp;

மே 8

அக்காவுக்கு,

மூன்று நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூடச் சொல்ல மாட்டாளா என்று. வக்கீலிடம் புலம்பினேன். 'பொய்ச்சாட்சி சொல்லத் தெரியாத குடும்பத்துல பிறந்துட்டு நீ எப்படிய்யா இந்தத் தொழிலுக்கு வந்தே?' என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான்கு கோட்பாட்டையும் வைத்துக்கொண்டு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

நீ சொன்ன இரண்டு உண்மையும் பேராசிரியரிடம் போயிருக்கிறது. கட்டுரையை அவர் ரத்து செய்யவில்லை. உன் வரிகள் வருகிற இடத்தில் எல்லாம் மேற்கோள் குறி போட்டு, 'குற்றவாளியின் அக்கா கூறியது' என்று எழுதி மறுபடி அனுப்பச் சொன்னார். திருட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு குறிதான் என்று எனக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை. குறி எல்லாம் போட்டு முடித்துப் பார்த்தேன், எனக்கென்று மிஞ்சியது முன்னுரையில் பாதி. இந்தக் குழப்பத்தில் ஜூன் போய்விட்டது. பாஸானால் ஜூலை என்கிறார்கள்.

என் முடிவுரைக்குப் பேராசிரியர் சுமாராகத்தான் மதிப்பெண் போடுவார். அது என் சொந்த எழுத்து, அதனால் உனக்கு மட்டும் சொல்கிறேன். இந்தக் கோட்பாடுகள் எல்லாம் சர்வீஸ் ஏன் எடுத்தான் என்று கேட்கின்றன. எடுப்பதற்கு முன் அவன் ஏன் கேட்கவில்லை என்று ஒரு கோட்பாடும் கேட்கவில்லை. அதை நானே கேட்டுப் பார்த்தேன். கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம் அக்கா. திருடப் போனபோதுகூட அவ்வளவு பயந்ததில்லை. நாலு வருஷமாக உனக்கு எழுதாமல் இருந்ததற்கும், மாமா பெயருக்கு உறை போட்டதற்கும், முகவரியைக் கொடுத்துவிட்டு அப்புறம் சொன்னதற்கும் காரணம் அதுதான்.

கீழே இருக்கிற வரியை நாலு தாளில் எழுதிக் கிழித்தாயிற்று. இது ஐந்தாவது தாள்.

அக்கா, வெளியே வந்ததும் உன் வீட்டுக்கு நான் வரலாமா?

உன் தம்பி

&nbsp;

மே 13

தம்பி,

வா.

சின்ன அறையில் இருந்த பெட்டிகளை எல்லாம் மாமா எப்போதோ நகர்த்திவிட்டார். நான் நிறுத்தச் சொன்னதை அந்த மனுஷன் கேட்காதது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

பூட்டு உனக்கு ஒரு பொருட்டு இல்லை என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் நீ பெல் அடித்துவிட்டு வாசலில் நில். நான் வந்து திறக்கிறேன்.

அக்கா